முதல் ரெண்டு நிமிஷம் தீர்ந்த பிறகு என்ன பேசுவது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. இப்போதுதான் அறிமுகமான ஒருவரிடம் பேச்சை எப்படி வளர்ப்பது, எங்கே நிறுத்துவது, எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது. ஐந்து கடிதங்களை எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்குப் பதில் கொஞ்சம் நீளம், ஏனென்றால் மற்ற பலரும் கேட்டதற்கும் அதில்தான் பதில் இருக்கிறது.

கேள்வி: டீச்சர், எனக்கு 25 வயது. ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. கேண்டீனில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் பேர், ஊர், எந்த டிபார்ட்மென்ட், என்ன படிச்சீங்க, அவ்வளவுதான். ரெண்டு நிமிஷத்தில் எல்லாம் தீர்ந்துவிடுகிறது. அப்புறம் ரெண்டு பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறோம், நான் போனை எடுத்துவிடுகிறேன். ஊரில் நான் நன்றாகப் பேசுகிறவன். யூடியூபில் பார்த்துப் பதினைந்து கேள்விகளை எழுதி மனப்பாடம் செய்துகூடப் பார்த்தேன், உதவவில்லை. என்னிடம் என்ன தப்பு? (ஒரு வாசகர், ஓசூர்)

பதில்: தப்பு ஒன்றும் இல்லை, தம்பி. அந்தப் பதினைந்து கேள்விகளை மட்டும் முதலில் மறந்துவிடுங்கள். கேள்விப் பட்டியலோடு போனால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நான் அப்படிப் போயிருக்கிறேன். 2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலைக்கு ஆசிரியர்களைப் போட்டார்கள். எனக்கு நிலக்கோட்டைப் பக்கம் விழுந்தது. படிவத்தில் 29 கேள்விகள். முதல் நாள் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிக்கொண்டே வந்தேன், ஒரு வீட்டிலும் "ஆமாம்", "இல்லை", "ம்" தவிர வேறு பேச்சு வரவில்லை. மறுநாள் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு அம்மா மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். படிவத்தை எடுக்கும் முன்னால், அந்தக் கை போகிற வேகத்தைப் பார்த்து, "ஒரு முழத்துக்கு எத்தனை பூ வரும்க்கா?" என்று கேட்டுவிட்டேன். "அது கட்டுற கையைப் பொறுத்துல்ல இருக்கு" என்று ஆரம்பித்தவர், நெருக்கிக் கட்டினால் எவ்வளவு, கடைக்காரர் எப்படிக் கட்டச் சொல்வார், முகூர்த்த நாளில் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், மகள் ஏன் இந்த வேலையே வேண்டாம் என்று சொல்கிறாள் என்று அரை மணி நேரம் பேசினார். அப்புறம் நான் கேட்ட 29 கேள்விக்கும் அவரே விளக்கமாகச் சொன்னார், காபியும் வந்தது.

நம் மொழியில் இதற்குப் பேச்சுக் கொடுப்பது என்று பேர். வாயைக் கிளறுவது என்று இன்னொன்றும் உண்டு. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எதிரில் இருப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். பட்டியல் கேள்விகள், எவ்வளவு நல்ல கேள்விகளாக இருந்தாலும், கிளறுவது மாதிரிதான் விழும், ஏனென்றால் அவர் சொன்ன பதிலுக்கும் நீங்கள் கேட்கிற அடுத்த கேள்விக்கும் ஒட்டே இருக்காது.

சரி, அப்போது என்ன செய்வது? கேட்டதற்கு மேல் அவர் என்ன சொன்னார் என்று கவனியுங்கள். இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். யாராவது ஒருவரிடம் எந்த ஊர் என்று கேட்கிறீர்கள், அவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"கம்பம்ங்க. ஆனா போயே ஆறு மாசமாச்சு. அப்பா லாரி ஓட்டுறாரு, நான் போற நேரத்துல அவரு வீட்ல இருக்க மாட்டாரு."

நீங்கள் கேட்டது ஊர். கம்பம் என்பதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆறு மாதம், லாரி, அப்பாவைப் பார்க்க முடியாதது, இந்த மூன்றும் அவராகக் கொடுத்தவை. அவர் மனசு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. நம்மில் பெரும்பாலானோர் இந்த இடத்தில் "ஓ, கம்பமா, திராட்சை ஊராச்சே" என்று சொல்லிவிட்டு, அப்புறம் "எந்த டிபார்ட்மென்ட்?" என்று தாவிவிடுவோம். பேச்சு அங்கே அறுந்துவிடுகிறது. திராட்சை அவர் சொன்னதில் இல்லையே! அதற்குப் பதிலாக இப்படிப் போகலாம்:

"லாரியா? எந்தப் பக்கம் ஓட்டுறாரு?"

"குமுளி ஏறி கேரளாவுக்கு. காய்கறி லோடு."

"ராத்திரியிலயா மலை ஏறுவாங்க?"

"பெரும்பாலும் ராத்திரிதான். சின்ன வயசுல லீவுக்கு நானும் கூடப் போயிருக்கேன்."

"நீங்களும் போனீங்களா? தூக்கம் வராதா?"

பார்த்தீர்களா, ஒரு கேள்வியும் யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை. எல்லாம் அவர் சொன்ன கடைசி வார்த்தையிலிருந்து வந்தவை. ஹார்வர்டில் இதை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டிருக்கிறார்கள். முன்பின் தெரியாத இரண்டு இரண்டு பேரை 15 நிமிடம் எழுத்தில் அரட்டை அடிக்க விட்டு, சிலரிடம் குறைந்தது ஒன்பது கேள்வி கேளுங்கள் என்றும், சிலரிடம் நாலுக்கு மேல் வேண்டாம் என்றும் சொன்னார்கள். அதிகம் கேட்டவர்களைத்தான் எதிரில் இருந்தவர்களுக்குப் பிடித்திருந்தது, அதிலும் முக்கியமாக, சொன்ன பதிலைத் தொட்டு அடுத்ததைக் கேட்டவர்களை. எங்கள் பாட்டிக்கு எந்த ஆய்வும் தெரியாது, தண்ணீர் குடிக்கத் திண்ணையில் ஒதுங்குகிறவரிடம் அவர் இப்படித்தான் பேசுவார்.

அதே நேரம் நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தால் அது விசாரணை ஆகிவிடும். ரெண்டு மூன்று கேள்விக்கு ஒரு முறை உங்கள் பக்கத்திலிருந்தும் ஏதாவது வர வேண்டும். "எங்க அப்பாவுக்கும் நைட் ஷிப்ட்தான். அவரு வீட்டுக்கு வரும்போது நாங்க பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிட்டிருப்போம்." இவ்வளவு போதும், அதற்கப்புறம் பேச்சை அவரிடமே திருப்பிவிடுங்கள். இங்கே நிறையப் பேர் வழுக்கி விழுகிறோம், நானும் விழுந்திருக்கிறேன். ஒருவர் "அம்மாவுக்கு முட்டி வலி, நடக்கவே முடியல" என்று ஆரம்பிப்பார், நாம் நம் மாமியாரின் ஆபரேஷனை அட்மிட் ஆனதிலிருந்து டிஸ்சார்ஜ் வரை சொல்லி முடிப்போம். ஆறுதலாகச் சொல்வதாகத்தான் நினைத்திருப்போம். ஆனால் அவருடைய அம்மா அந்தப் பேச்சில் காணாமலே போயிருப்பார்.

எதிரில் இருப்பவர் ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டால்? முதலில் நீங்கள் கொடுங்கள், சின்னதாக, பக்கத்திலேயே இருக்கிற விஷயமாக. ஓசூர் சாம்பாரில் வெல்லம் சேர்ப்பது வெளியூர்க்காரர்களுக்கு முதலில் பிடிபடாதே, உங்கள் கேண்டீனிலும் அப்படி இருந்தால் "வந்த புதுசுல இந்தச் சாம்பார் எனக்கு ஒத்துக்கவே இல்ல, உங்களுக்கு எப்படி?" என்று ஆரம்பிக்கலாம். அதற்கும் "ம்" தான் வருகிறது என்றால் விட்டுவிடுங்கள். அவர் ஷிப்ட் முடிந்து அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கலாம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மௌனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலகின் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2009-ல் வந்தது. ஒருவர் கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் நடுவில் சராசரியாக 0.2 நொடிதான் இடைவெளி என்று அதில் கண்டார்கள். நாம் பழகியிருக்கிற வேகம் அது, அதனால்தான் மூன்று நொடி யாரும் பேசாவிட்டால் நமக்கு மூச்சு முட்டுகிறது. ஆனால் சாப்பாட்டு மேசையில் மௌனம் இயல்பானது. வாயில் சோறு இருக்கிறது, பேசவில்லை. அந்த மூன்று நொடியில் போனை எடுக்காமல் இருந்து பாருங்கள், பாதி நேரம் அவரே ஏதாவது ஆரம்பிப்பார். போனை எடுத்த கையைப் பார்த்தால் யாருக்குப் பேசத் தோன்றும்?

ஊரில் நன்றாகப் பேசுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே உங்களுக்கும் அவர்களுக்கும் பொதுவாக ஒரு நேற்று இருக்கிறது. "என்னடா, மாடு கன்னு போட்டுச்சா?" என்று ஆரம்பித்துவிடலாம். ஓசூரில் அந்த நேற்றை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். அதற்கு வழி, இன்று கேட்டதை நாளை ஞாபகம் வைத்திருப்பது. ரெண்டு நாள் கழித்து அதே ஆளைப் பார்க்கும்போது "அப்பா லோடு இறக்கிட்டு வந்துட்டாரா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

இன்னொன்று. நாலு மாதமாக யாருக்கும் உங்களைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. 2018-ல் அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சேர்ந்து ஒன்றைக் காட்டினார்கள். புதிதாக ஒருவரிடம் பேசி முடித்தவர், எதிராளிக்கு உண்மையில் தன்னை எவ்வளவு பிடித்ததோ அதைவிடக் குறைவாகத்தான் பிடித்திருக்கும் என்று எடைபோடுகிறார், எதிராளியும் அப்படியே நினைக்கிறார். விடுதியில் சேர்ந்து தங்கிய மாணவர்களிடம்கூட இந்த நினைப்பு மாதக்கணக்கில் நீடித்ததாம். உங்கள் எதிரில் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறவரும் வீட்டுக்குப் போய் "ஒருத்தன்கூட நம்மகிட்ட பேச மாட்டேங்கிறான்" என்று யோசித்துக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: வருகிற ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். "ரெண்டு பேரும் தனியா பேசிட்டு வாங்க" என்று மொட்டை மாடிக்கு அனுப்புவார்கள். போன முறை அந்தப் பத்து நிமிஷத்தில் "சமைப்பீங்களா", "பிடிச்ச ஹீரோ யாரு" என்பதிலேயே நேரம் போய்விட்டது. என்ன பேச வேண்டும் டீச்சர்? (ஒரு வாசகி, திருப்பூர், 24 வயது)

பதில்: பத்து நிமிஷத்தில் ஒரு மனிதரைத் தெரிந்துகொள்ள முடியாது, அதை முதலில் ஒத்துக்கொள்வோம். இன்னொரு முறை பேச வேண்டுமா, வேண்டாமா என்று முடிவெடுக்கத்தான் அந்த நேரம்.

பிடித்தது பிடிக்காதது என்று கேட்டால் நல்ல பிள்ளை மாதிரி பதில்தான் வரும். அன்றாடத்தைக் கேளுங்கள். "நேத்து காலையில இருந்து ராத்திரி வரைக்கும் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டால் ஒருவர் எத்தனை மணிக்கு எழுகிறார், டீ யார் போடுகிறார், வேலை முடிந்தால் வீட்டுக்கு வருகிறாரா, நண்பர்களோடு போகிறாரா, அம்மாவிடம் எப்படிப் பேசுகிறார் எல்லாம் தானாக வந்துவிடும். அவர் சொன்னதும் உங்கள் நேற்றையும் அதே மாதிரி, ஒளிக்காமல், சொல்லுங்கள். அமெரிக்காவில் 1997-ல் ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளர் முன்பின் தெரியாதவர்களை ஜோடி ஜோடியாக உட்கார வைத்து 36 கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தார். முக்கால் மணி நேரத்தில் அவர்களுக்குள் நெருக்கம் கூடியது. அந்தக் கேள்விகள் லேசாக ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகின்றன, ஒவ்வொன்றுக்கும் இருவருமே பதில் சொல்ல வேண்டும். ஒருவர் மட்டும் பதில் சொல்லி மற்றவர் தலையாட்டினால் அது நேர்காணல்தான், அதை மாடிப்படி ஏறும்போதே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு, சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் வேலைக்குப் போவது, எந்த ஊரில் இருப்பது, வீட்டில் கடன் ஏதும் இருக்கிறதா, இந்தக் கல்யாணத்தில் அவருக்கே விருப்பமா, வற்புறுத்தலா. இவற்றைக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்மா. உங்கள் பதிலையும் அப்படியே நேராகச் சொல்லிவிடுங்கள். நேரம் போதவில்லை என்றால், "இன்னும் ஒரு தடவை போன்ல பேசிட்டுச் சொல்றேன்" என்று வீட்டுப் பெரியவர்கள் முன்னாலேயே சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிக்கிற வீடு எப்படிப்பட்டது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: எனக்கு 57 வயது. யாரைப் பார்த்தாலும் "சொந்த ஊர் எது, அங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டுப் பேச்சை ஆரம்பிப்பது என் பழக்கம். சமீபத்தில் என் மகளின் தோழி வீட்டுக்கு வந்திருந்தபோது அப்படிக் கேட்டேன். அந்தப் பெண் சட்டென்று அமைதியாகிவிட்டாள். மகள் என்னிடம் கோபித்துக்கொண்டாள். ஊரைக் கேட்பது ஒரு குற்றமா? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஊரைக் கேட்பது குற்றம் இல்லை சார். ஆனால் நம் நாட்டில் அந்தக் கேள்வி எங்கே போய் முடிகிறது என்று உங்களுக்கும் தெரியும், அந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஊர், அப்புறம் எந்தத் தெரு, அப்புறம் அப்பா பேர், குலதெய்வம் எது, வீட்டில் சைவமா அசைவமா. கடைசியில் "நீங்க எந்த ஆளுங்க?" என்பதை வாய்விட்டுக் கேட்காமலே தெரிந்துகொள்கிற வழி இது. வீடு வாடகைக்குக் கேட்டுப் போகிற இடத்திலும், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலும் இந்தப் படிகளில் ஏற்றி இறக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர். பதில் சொன்னதும் எதிரில் இருப்பவரின் குரல் மாறுவதை அவர்கள் கேட்டிருக்கிறார்கள், கொண்டுவந்து வைத்த டம்ளர்கூட மாறியதைப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் மனதில் அப்படி எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது தெரிய வழியில்லை. அவள் அமைதியானது தற்காப்பு.

எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க மாட்டேன். என் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளையிடம் எந்தத் தெரு என்று சக ஆசிரியர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டதையும், அது தலையைக் குனிந்துகொண்டதையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். உடனே குறுக்கே பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். ஊர் என்று அவராகச் சொன்னால், ஊரைப் பற்றியே பேசுங்கள், ஆளைத் தேடிப் போகாதீர்கள். "இப்ப அங்க மழை உண்டா?", "பஸ்ஸுல எவ்வளவு நேரம் ஆகும்?", "அந்தப் பக்கம் ரப்பரா, வாழையா?" என்று எவ்வளவோ இருக்கிறது. "எந்தப் பக்கம்" என்ற அந்த ரெண்டாவது கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள். மகளின் தோழியிடம் அவளுடைய படிப்பைப் பற்றியோ, உங்கள் மகள் கல்லூரியில் என்ன சேட்டை செய்கிறாள் என்றோ கேட்டிருந்தால் அந்தச் சாயங்காலமே வேறு மாதிரி போயிருக்கும். அடுத்த முறை அவள் வரும்போது நீங்களே முதலில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா." பெரியவர் ஒருவர் வாயிலிருந்து இதைக் கேட்பது அபூர்வம், அவள் மறக்க மாட்டாள்.

கேள்வி: மாதம் ரெண்டு முறை வைகை எக்ஸ்பிரஸில் மதுரையிலிருந்து சென்னை போகிறேன். பக்கத்து சீட்காரர் பேச ஆரம்பித்தால் எப்படி முடிப்பது என்று தெரியாமல் தாம்பரம் வரை கேட்டுக்கொண்டே வருகிறேன். மரியாதை கெடாமல் முடிப்பது எப்படி? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: நீங்கள் நினைக்கிற அதே நேரத்தில் அவரும் "எப்படி முடிக்கிறது" என்று நினைத்துக்கொண்டிருக்கலாம்! 2021-ல் வந்த ஓர் ஆய்வில், இருவரும் விரும்பிய நேரத்தில் முடிந்த உரையாடல்கள் சுமார் 2 சதவீதம்தான். இருவருமே எதிராளி வருத்தப்படுவாரே என்று இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கிற இடத்தில், அதைப் பற்றியே ஒரு வரி சொல்லிவிட்டு, "கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கிறேன் சார், திண்டிவனம் தாண்டுனதும் பேசுவோம்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் திண்டிவனம் தாண்டியதும் அஞ்சு நிமிஷம் பேசத்தான் வேண்டும். ஆனால் பாதிப் பேச்சில் காதில் இயர்போனை மாட்டாதீர்கள். அதைவிட முகத்துக்கு நேரே போதும் என்று சொல்வது மேல்.

கேள்வி: மகனைப் பள்ளிக்கூடத்தில் விடும்போது தினமும் ஒரு அம்மாவிடம் பேசுகிறேன். ரெண்டு மாதமாகப் பழக்கம். முதல் நாள் பேர் சொன்னார், மறந்துவிட்டேன். இப்போது கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அவர் பையன் பேரைச் சொல்லி "அவன் அம்மா" என்றே சமாளிக்கிறேன். (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: நாளைக்கே கேட்டுவிடுங்கள். "உங்க பேரை அன்னைக்குச் சொன்னீங்க, நான் விட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க, இன்னொரு தடவை சொல்லுங்க." அநேகமாக அவருக்கும் உங்கள் பேர் ஞாபகம் இருக்காது, சிரிப்பார். கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்றபின் நம் பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லாமல் போய்விடுகிறது. இன்னார் மனைவி, இன்னான் அம்மா என்றே வருஷங்கள் ஓடிவிடுகின்றன. அதனால் இந்தக் கேள்வியை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பேரை யார் வைத்தார்கள், வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பள்ளிக்கூட மணி அடிக்கும் வரை பேச்சு ஓடும். போனில் நம்பரைப் பதியும்போது பையன் பேரைப் போட்டு அம்மா என்று எழுதாமல் அவர் பேரிலேயே பதிந்துகொள்ளுங்கள்.